சேலத்தில் ஹோம் நர்சிங்: அப்பாவின் யூரின் பையும் வந்து போன மூன்று பேரும்

அம்மாபேட்டையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் வீடு. முன்னறையில் அப்பா, வயது 79. போன வருஷம் ஆடிக் கடைசியிலிருந்து கார்த்திகைக் கடைசி வரை நாலு மாதம், ஐந்து ரோட்டுப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு ஹோம் நர்சிங் சர்வீஸிலிருந்து ஆள் வரவழைத்து அவரைப் பார்த்துக்கொண்டோம். கடைக்கு வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது, "அங்க ஆள் நல்லா அனுப்புறாங்களாக்கா?" என்று கேட்கிறார்கள். பருப்பு நிறுத்துக்கொண்டே சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

பெயர் போடவில்லை. நன்றாகவே திட்டப் போகிறேன், அதனால்தான்.

மார்க் போடச் சொன்னால் ஆபீஸுக்கு ஐந்துக்கு இரண்டு. அவர்கள் அனுப்பிய மூன்று பேரில் இரண்டாவதாக வந்த பிரதருக்கு (ஆண் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) ஐந்துக்கு ஐந்து. ஒரே இடத்துக்கு எப்படி இரண்டு மார்க் என்றால், அங்கே அப்படித்தான். யார் வருகிறார் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் வந்தவர் தேறுவாரா என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அது தெரிய ஒன்பது நாளும் ஒரு ஜன்னி ஜுரமும் ஆயிற்று.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயம். சாயந்திரம் அப்பா தட்டுவடை செட் இரண்டு சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்தார். கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, நீ போய்ப் படு." விடியற்காலை நாலு மணிக்கு அடிவயிறு கல்லு மாதிரி. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் 1,100 மில்லி வந்தது. புரோஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கிறது, இது ஒரு ராத்திரியில் நடந்ததில்லை, மாதக்கணக்காக உள்ளே தேங்கித் தேங்கி இரண்டு கிட்னியும் வீங்கிப் போயிருக்கின்றன என்றார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் 4.1. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுகிற கழிவு அது. அடைப்பு திறந்த பிறகு இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது, ஒரே நாளில் ஐந்து லிட்டர். அதைப் பார்த்துப் பார்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஆறாவது நாள் கிரியாட்டினின் 2.3.

புரோஸ்டேட்டை ஆபரேஷன் செய்தால் டியூப்பை எடுத்துவிடலாம். ஆனால் வைகாசியில்தான் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் ஆறு மாதத்துக்குள் நிறுத்தக் கூடாது, அதுவரை டியூப்போடு வீட்டில் இருக்கட்டும் என்றார் டாக்டர். அவருக்குச் சொல்வது சுலபம். அப்பாவுக்கு நான் ஒரே மகள், தம்பி திருப்பூரில். அம்மா போய் ஏழு வருஷம். மகள் தன்னைத் துடைத்துவிடுவது என்றால் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வீட்டுக்காரர் செய்ய வந்தால், "மாப்பிள்ளை, நீங்க போங்க" என்பார். அதனால்தான் வெளி ஆள்.

ஆபீஸில் பேசியபோது, பகல் 12 மணி நேரத்துக்கு நர்ஸ் என்றால் 1,300 ரூபாய், அட்டெண்டர் என்றால் 850 என்றார்கள். டியூப் இருக்கிறது, நர்ஸே வேண்டும் என்றேன். அடுத்த நாள் காலை ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு முதுகு பிடித்துவிட்டார், பேப்பர் படித்துக் காட்டினார், பழைய கதை எல்லாம் கேட்டார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

அவர் செய்தது இதுதான். எங்கள் வீட்டில் இருப்பது நாடா கட்டில், தாழ்வானது. யூரின் பையை மாட்ட இடமில்லை என்று தரையில் போட்டார். அப்பாவை வாசலில் வெயிலுக்கு உட்கார வைக்கும்போது பையைத் தூக்கி அவர் மடியிலேயே வைப்பார். பை நிரம்பி உப்பிய பிறகு, நான் சொன்னால் திறந்து கொட்டுவார். கொட்டுவதற்கு முன்னாலும் கை கழுவுவதில்லை, பின்னாலும் லுங்கியில் துடைத்துக்கொள்வார். எவ்வளவு போனது என்று கேட்டால், "நல்லாப் போகுதுக்கா" என்பார். கடையில் ஒருவர் வந்து "நல்லாக் கொஞ்சம் சர்க்கரை குடுங்க" என்றால் நான் எவ்வளவு நிறுப்பேன்? அப்போது அது உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அப்பாவுக்குக் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. போர்வை மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. சாயந்திரம் என்னைப் பார்த்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயதானவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி ஏறினால் வலி, எரிச்சல் எல்லாம் சொல்லத் தெரியாமல் முதலில் புத்திதான் தடுமாறும் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மூன்று நாள் படுக்கை. பழைய டியூப்பை எடுத்துவிட்டுப் புதியது போட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பையைத் தூக்கி மடியில் வைத்ததால்தான் ஜுரம் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. டியூப் வைத்த யாருக்கும் நாள் ஆக ஆகக் கிருமி ஏறத்தான் செய்யும் என்றார் டாக்டர். ஆனால் வெளியே தொங்கும் பை, உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையைவிட மேலே போனால், கீழே வந்த மூத்திரம் திரும்ப உள்ளே ஓடும். அது தெரியாத ஆளுக்கு நர்ஸ் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரையே கூப்பிட்டு, "நீங்க என்னப்பா படிச்சீங்க?" என்று கேட்டேன். மறைக்கவில்லை. ஆறு மாத கோர்ஸ், இதற்கு முன் ஒரு பக்கவாத நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். டியூப் கேஸ் இதுதான் முதல் தடவையாம். ஆபீஸில்தான், "நர்ஸ்னு சொல்லிக்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆபீஸ் மேல் இன்னும் ஆறவில்லை. ஒன்பது நாளுக்கு 4,050 ரூபாய் வித்தியாசம். நேரில் போய் ஒரு மணி நேரம் சத்தம் போட்ட பிறகு அடுத்த பில்லில் 2,000 கழித்தார்கள். மீதி காந்தி கணக்கு.

நீங்கள் ஆள் எடுத்தால், படித்தது ஏஎன்எம்மா, ஜிஎன்எம்மா, பிஎஸ்ஸி நர்சிங்கா என்று கேளுங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்த நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான நர்ஸ் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பிரதர் கேட்பதற்கு முன்னாலேயே கார்டை எடுத்துக் காட்டினார்.

அவர்தான் இரண்டாவது ஆள். ஜிஎன்எம் முடித்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்து வருவார். முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. வந்ததும் அப்பாவிடம் ஒரு வணக்கம், அவ்வளவுதான். நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சோப்பு எங்கே என்று கேட்டுக் கை கழுவினார். நான் நின்று பார்த்தேன். விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு எல்லாம் தேய்த்து அவசரமே இல்லாமல் கழுவினார். அப்புறம் கட்டிலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்த்தார். எழுந்தவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, செங்கல் நாலு கிடைக்குமா?"

தெருக் கோடியில் வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து வாங்கி வந்தோம். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல். கடையில் ஷாம்பு சரம் தொங்கவிடும் எஸ் கொக்கியைப் பார்த்துவிட்டு அதை ஒன்று கேட்டார். கட்டில் சட்டத்தில் அதை மாட்டிப் பையைத் தொங்கவிட்டதும், பை அப்பாவின் இடுப்புக்கு நல்ல கீழே, தரையில் படாமல் நாலு விரல் உயரத்தில் நின்றது. இதற்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு எடுங்கள் என்று முதல் வாரமே ஆபீஸில் 4,500 ரூபாய் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து டியூப்பைத் தொடையில் பிளாஸ்டர் போட்டுத் தளர்வாக ஒட்டினார். திரும்பிப் படுக்கும்போது இழுபடக் கூடாது. இத்தனை நாள் அப்பா அசையும்போதெல்லாம் முகம் சுளித்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. சுத்தம் செய்யும் நேரத்தில் என்னைப் பார்த்து, "அக்கா, எனக்கு ஒரு டீ" என்பார். டீ குடிக்கவே மாட்டார் அவர். நான் எழுந்து போக ஒரு சாக்கு. அப்பாவுக்கும் அது தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், டெட்டாலைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நுனித்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவிவிட்டு மறக்காமல் முன்னால் இழுத்துவிட வேண்டும், விட்டால் வீங்கி அதுவே தனிக் கேஸ் ஆகிவிடும் என்பதை என் வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமைக்காக. அன்று பிரதருக்கு லீவு.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி (காசு கொடுத்தார், நான் வாங்கவில்லை) நடுவில் கோடு போட்டார். இந்தப் பக்கம் உள்ளே போனது, அந்தப் பக்கம் வெளியே வந்தது. காபி 120, கஞ்சி 200, மாத்திரைக்குத் தண்ணீர் 60. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று வேளை பையைத் திறந்து, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து எழுத வேண்டும். பையின் மேலேயே கோடு இருக்கிறதே என்றேன். "அது உத்தேசம்க்கா. நீங்க கடையில கண்ணாலயா நிறுக்கிறீங்க?" என்றார். அன்றைக்கு ஆளைப் பிடித்துப் போயிற்று. வரவு செலவு நோட்டு எனக்குப் புதிதா? முப்பது வருஷமாக எழுதுகிறேன். ராத்திரி பத்து மணி எண்ட்ரி என்னுடையது. காலை வந்ததும் சரிபார்ப்பார். நான் ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்ட 350ஐ, "இவ்வளவு வந்திருக்க வாய்ப்பில்லையே" என்று பிடித்துவிட்டார்.

எடையும் பார்க்க வேண்டும். தினம் காலையில் அதே நேரம், அதே வேட்டியோடு. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அரிசி மூட்டை நிறுக்கும் பழைய பிளாட்பாரத் தராசு ஒன்று கடையில் கிடக்கிறது. அப்பாவை அதில் நிறுத்திப் பார்த்தோம். 58 கிலோ 300. தராசில் நின்றபடி, "என்ன வெலைக்குப் போவேன் கண்ணு?" என்றார். ஜுரத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது.

நோட்டு எதற்கு உதவியது என்பதற்கு ஒரு ராத்திரி. மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை எட்டு மணி நேரத்தில் 60 மில்லிதான் ஜாடிக்கு வந்தது. அப்பா எடைக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருந்தார் பிரதர். கிட்னி நின்றுவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் ஆடியது. போன் செய்தேன். அவர் பதறவில்லை. "ஐயா எந்தப் பக்கம் படுத்திருக்காரு? டியூப் அடியில மாட்டியிருக்கா பாருங்க" என்றார். மாட்டித்தான் இருந்தது. நிமிர்த்தியதும் சளசளவென்று 400 வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இதையேதான் அங்கும் செய்திருப்பார்கள், பில்லோடு. நிமிர்த்தியும் வராமல் வயிறு உப்பினால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் போங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அப்புறம் சாப்பாடு. இதில் சொந்தக்காரர்களோடு நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. நீர்க்கடுப்பு என்றால் சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இளநீர், வாழைத்தண்டுச் சாறு. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கையில் இரண்டு இளநீரோடு வருவார்கள். புரட்டாசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8க்கு ஏறியிருந்தது. இன்னும் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். கிட்னி நன்றாக இருப்பவருக்கு இளநீர் அமிர்தம், அப்பாவுக்கு விஷம். வாழைத்தண்டும் அப்படித்தான். வந்த இளநீரை எல்லாம் பிரதர் முகம் கோணாமல் வாங்கி உள்ளே வைப்பார், ஆள் போனதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும். காய்களைச் சின்னதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் ஊற வைத்து, வேறு தண்ணீரில் வேக வைத்து வடித்துவிட்டுத் தாளிக்கச் சொன்னார். ருசி போய்விடும். அப்பா மூன்று நாள் முறைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

இதில் என் தலையில் நானே குட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ரத்தக் கொதிப்புக்கு உப்புக் குறைக்கச் சொன்னார்களே என்று, என் கடையில் விற்கிற 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டைத்தான் அப்பாவுக்குத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். விலை அதிகம், நல்லது என்று நினைப்பு. பிரதர் ஒரு நாள் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். பல வருஷமாக விற்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. இப்போது அதைக் கேட்கிறவர்களிடம் வீட்டில் கிட்னி நோயாளி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். சாதா உப்பைக் குறைத்துப் போடுவதுதான் வழி.

தப்பித்தது ஜவ்வரிசி. முழுக்க மாவுச்சத்து, பொட்டாசியம் சொற்பம். நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமா? சாயந்திரம் ஜவ்வரிசிக் கஞ்சி, அளந்து 150 மில்லி. நோட்டில் வரவு வைக்கணும், கஞ்சியும் தண்ணீர்தான்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. எங்களுக்கு டாக்டர் சொன்னது நாளைக்கு ஒன்றே முக்கால் லிட்டர். பக்கத்துத் தெருவில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் போகிறவருக்கு முக்கால் லிட்டர்தான், அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும். கிட்னி என்றாலே நிறையத் தண்ணீர் குடி என்று எல்லோருக்கும் ஒரே வைத்தியம் சொல்பவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இனி ஊதா நிறப் பை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அளக்கப் போனேன். பை முழுக்க நாவல்பழச் சாறு ஊற்றிய மாதிரி ஊதா. குழாயும் ஊதா. ரத்தம் என்றால்கூடப் புரிந்திருக்கும். ஆபீஸின் '24 மணி நேர' நம்பருக்கு ஆறு தடவை அடித்தேன். எடுக்கவே இல்லை. (இரண்டு மார்க்குக்கு இதுவும் காரணம்.) பிரதரும் ஊரில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்திருக்கிறார். அப்பாவுக்கு ஜுரம் இல்லை, பேச்சு தெளிவாக இருந்தது, அளவும் குறையவில்லை. அதனால் விடியும் வரை முழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு லீவு என்றாலும் செய்தியைப் பார்த்துவிட்டு எட்டரை மணிக்கு வந்துவிட்டார். பையைப் பார்த்தார். முகத்தில் பயமில்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். படிக்கும்போது புத்தகத்தில் பார்த்ததாம், நேரில் இதுதான் முதல் தடவையாம். நோட்டைப் புரட்டிவிட்டு, ஐயா கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று கேட்டார். அப்பா வெளிக்குப் போய் ஐந்து நாள். "இதான்க்கா காரணம்" என்றார்.

விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மலச்சிக்கலில் குடல் நாள் கணக்கில் தேங்கினால், அங்கே இருக்கும் கிருமி புரதத்தை உடைத்து ஒரு பொருளை உண்டாக்குகிறது. அது ஈரலில் மாறி, ரத்தம் வழியாக மூத்திரத்துக்கு வருகிறது. டியூப்பில் குடியிருக்கும் சில கிருமிகள் அதைப் பிடித்து நீலமும் சிவப்புமாக இரண்டு சாயமாக்குகின்றன. பிளாஸ்டிக் பையில் அவை ஊறிக் கலந்து ஊதா. அந்த நீலம் வேறொன்றும் இல்லை, அவுரி நீலமேதான்.

அப்பா அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவுரி என்றதும் திறந்தார். அவர் நாற்பது வருஷம் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். அவர் காலத்தில் வாட், நாப்தால் என்கிற ரசாயனச் சாயங்கள்தான், அவுரித் தொட்டி எல்லாம் தாத்தாவோடு போய்விட்டது. "எங்கப்பன் சாகிற வரைக்கும் அவுரித் தொட்டியப் பத்தியே பேசுவான் தம்பி. தொட்டியில முக்கி எடுக்கும்போது நூல் பச்சையா இருக்கும், காத்துப் பட்டாத்தான் நீலமாகும்னு சொல்லுவான். எனக்குப் போட வாய்க்கல. கடைசியில இப்படியா போடணும்?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன், ராத்திரி தூங்காத களைப்பு.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். புது டியூப், புதுப் பை. ஜுரம் இல்லாததால் கல்ச்சர் (மூத்திரத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) மட்டும் பார்க்கலாம், ஆன்டிபயாட்டிக் இப்போதைக்கு வேண்டாம் என்றார். டியூப் இருக்கும் வரை பரிசோதனையில் கிருமி தெரியத்தான் தெரியும், உடம்புக்கு முடியாமல் போனால்தான் மருந்து என்பது அவர் கணக்கு. கல்ச்சருக்குப் பையின் குழாயிலிருந்து பிடிக்கக் கூடாது, புது டியூப் போட்டதும் அதிலிருந்து எடுக்க வேண்டும் என்று பிரதர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அங்கும் அப்படித்தான் எடுத்தார்கள். மலச்சிக்கலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா மெக்னீசியா பாட்டில் கொடுத்தார். கிட்னிக்காரருக்கு மெக்னீசியம் சேர்ந்த மருந்து கூடாது என்று அதுவும் திரும்பிப் போயிற்று. லாக்டுலோஸ் சிரப்தான் எழுதினார் டாக்டர். நாலே நாளில் மூத்திரம் பழைய வைக்கோல் நிறத்துக்கு வந்தது. வெளிக்குப் போனது, போகாதது என்று நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தியும் வந்தது.

டியூப் வாங்குகிறவர்களுக்கு. ரப்பர் டியூப் எங்களுக்கு 130 ரூபாய்க்குக் கிடைத்தது, சிலிக்கான் 520. ரப்பர் சில வாரத்துக்குத்தான், சிலிக்கான் கூடுதல் நாள் தாங்கும். நாலு மாதம் வைக்க வேண்டியவருக்குச் சிலிக்கானே மேல். பின்முனையில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள், டியூப்பின் பருமனை அதுதான் சொல்லும். அப்பாவுக்கு எழுதியது 16ஆம் நம்பர், அதற்கு ஆரஞ்சு. மெடிக்கலில் 18 கொடுத்துவிட்டார்கள். பிரதர் கவரைப் பிரிக்காமலே, "இது சிவப்பு, மாத்திட்டு வாங்கக்கா" என்றார். டியூப் நழுவாமல் உள்ளே பிடித்துக்கொள்ளும் சின்ன பலூனுக்கு ஏற்றுவது 10 மில்லி சுத்தமான ஊசித் தண்ணீர், சலைன் ஏற்றினால் உப்புப் படிந்து பிறகு பலூன் சுருங்காமல் போகும் என்பதும் அவர் சொன்னதுதான். இதையெல்லாம் நாம் செய்யப் போவதில்லை. ஆனால் தெரிந்திருந்தால் செய்கிறவர் கொஞ்சம் கவனமாகச் செய்வார்.

மூன்றாவது ஆளைப் பற்றி அதிகம் இல்லை. தீபாவளிக்குப் பிரதர் ஐந்து நாள் ஊருக்குப் போனார். மாற்று ஆளாக ஒரு பெண் வந்தார், படித்தவர், வேலை தெரிந்தவர். ஆனால் ஆபீஸில் அவரிடம் 'பெரியவர், டியூப்' என்ற இரண்டு வார்த்தையைத் தவிர எதுவும் சொல்லவில்லை. ஸ்டென்ட் இருப்பதே தெரியாது. முழங்கால் வலி என்று அப்பா சொன்னதும் அவருக்கு டைக்ளோபெனாக் கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்டார், அதுவே பெரிது. கிட்னி பலவீனமானவருக்கு அந்த வலி மாத்திரை கூடாது என்று நோட்டின் பின்னட்டையில் பிரதர் சிவப்பு மையில் எழுதியிருந்ததைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இத எழுதினது? நல்லா எழுதியிருக்காங்க" என்றார். அந்த ஐந்து நாளுக்குத் 'திருவிழா ரேட்' என்று நாளுக்கு 300 கூட்டி வாங்கினார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. கையுறைக்கும் தனி பில்.

1,300இல் உங்களுக்கு எவ்வளவு என்று பிரதரிடம் ஒரு நாள் கேட்டேன். சொல்லத் தயங்கினார். 700. பஸ் காசும் அதிலேயே. நாங்கள் கொடுத்த காசில் கிட்டத்தட்டப் பாதி, போனை எடுக்காத நம்பருக்குப் போகிறது.

நாளுக்கு 1,300 எல்லோராலும் முடியாது, எனக்கும் நகை ஒன்று அடகுக்குப் போனது. முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் என்பதுதான் பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்பு நர்சிங், பிசியோதெரபி, வயிற்றில் செய்யும் டயாலிசிஸுக்கான பைகள் எல்லாமும் அதில் உண்டு. பகல் முழுக்க ஆள் உட்கார மாட்டார்கள், ஆனால் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் வீட்டு ஆளே பாதி வேலையைச் செய்துவிடலாம். நானே நாலு மாதத்தில் முக்கால் நர்ஸ்.

திரும்ப அதே ஆபீஸில் ஆள் எடுப்பேனா என்று கேட்டால், அந்தப் பிரதர் கிடைத்தால் எடுப்பேன். வேறு யார் வந்தாலும் முதல் நாள் வேலை ஒன்றே ஒன்றுதான் கொடுப்பேன்: "இந்தப் பையைக் கொஞ்சம் காலி பண்ணுங்க." கை கழுவுகிறாரா, பையை எங்கே பிடிக்கிறார், திறப்பு நுனி ஜாடி விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்கிறாரா, கொட்டுவதற்கு முன் அளவைப் பார்க்கிறாரா. ஐந்து நிமிஷம் ஆகாது. பேச்சு எப்படி என்பதை இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கார்த்திகைக் கடைசியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டியூப் எடுத்தாகிவிட்டது. கிரியாட்டினின் 1.8இல் நிற்கிறது, அதற்குக் கீழே இறங்காது போலிருக்கிறது. பிரதர் கடைசி நாள் நோட்டைக் கூட்டிப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். சீவல் பாக்கெட் ஒன்று கொடுத்தேன், வாங்கவில்லை. ஜவ்வரிசி ஒரு கிலோ கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

எஸ் கொக்கி பழையபடி கடைக்கு வந்து ஷாம்பு சரம் தாங்குகிறது. கட்டிலுக்கு அடியில் செங்கல் நாலும் அப்படியே இருக்கின்றன. எடுத்துவிடட்டுமா என்று பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். "இருக்கட்டும் கண்ணு. எந்திரிக்கச் சுலபமா இருக்குது" என்றார்.